மாளிகைகளுக்கு வெளியே செட்டிநாடு

(காரைக்குடியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் இது. இந்த ஊர் மேடையில் ஏறுகிறவர் நாலு பாட்டாவது சொல்லாமல் இறங்கினால் அவை மன்னிக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நான் மண்ணையும் கல்லையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எனக்குத் துணையாகக் கம்பன் அடிப்பொடி எனப்பட்ட அந்தக் கணேசனையே அழைத்துக்கொள்கிறேன். கம்பனைக் கரைத்துக் குடித்த அவர்தான் பிள்ளையார்பட்டிக் குடைவரையின் முன் நின்று கல்லையும் படித்தவர். இரண்டும் ஒரே படிப்புதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஒரு நாட்டுப்புறத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த முன்னோடி ஒருவர் இருக்கிறார். பௌசானியாஸ் என்று பெயர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோமர் ஆட்சிக்குள் போய்விட்ட கிரேக்கத்தை வட்டாரம் வட்டாரமாகச் சுற்றிப் பத்துப் பகுதிகளாக எழுதி வைத்தார். ஏதென்சை மட்டும் எழுதியிருந்தால் அவர் பத்தோடு பதினொன்று. அவர் ஆர்க்கேடியாவின் மலைகளுக்குள் போனார். போக்கிஸ் என்ற சிறிய வட்டாரத்தில் பனோப்பியஸ் என்ற பாழடைந்த ஊருக்கும் போனார். அங்கே நின்று ஒரு கேள்வி கேட்கிறார்: அரசு அலுவலகம் இல்லை, அரங்கம் இல்லை, சந்தைவெளி இல்லை, தண்ணீர் வந்து விழும் ஒரு தொட்டிகூட இல்லை, இதை ஊர் என்று சொல்லலாமா? கேட்டுவிட்டு அவரே பதிலும் தருகிறார். பக்கத்து ஊர்களோடு இவர்களுக்கு எல்லை இருக்கிறது, நாட்டுச் சபைக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்கிறார். அதோடு விடவில்லை. மனிதகுலத்தைப் படைத்த களிமண்ணில் மிச்சம் இதுதான் என்று அந்த ஊரில் சொல்லப்பட்ட இரண்டு கற்களைப் பற்றியும், அவற்றின் நிறத்தையும் வாசனையையும்கூட எழுதி வைத்தார்.

எல்லை எது, தண்ணீர் எங்கே, கல் என்ன சொல்கிறது, ஊரார் என்ன சொல்கிறார்கள் என்பவைதான் அவர் கேள்விகள். செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை. கானாடுகாத்தானில் இறங்கி, தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் படம் எடுத்து, மதியம் சாப்பிட்டுவிட்டு மதுரைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் நம் நாட்டை வீடுகளால்தான் அறிமுகப்படுத்துகிறோம். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோதும் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்ற பெயரில்தான் இடம்பெற்றது. அந்த மாளிகைகளில் பெரும்பாலானவற்றின் வயது நூற்றைம்பது ஆண்டுக்குள். அவை நிற்கும் நிலத்தின் எழுதப்பட்ட வரலாறு மட்டும் இரண்டாயிரம் ஆண்டு.

எல்லையிலிருந்து தொடங்குகிறேன். வடக்கே தென்வெள்ளாறு, தெற்கே வைகை. இரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலம் நம்முடையது. மேற்கில் பிரான்மலை, கரந்தமலைப் பக்கம் உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. மணிமுத்தாறு, பாம்பாறு, தேனாறு, விருசுழியாறு, சருகணியாறு என்று ஆறுகளின் பெயருக்குக் குறைவில்லை. ஆண்டில் பெரும்பகுதி அவற்றில் ஓடுவது மணல்தான்.

ஆனால் இது மழையில்லாத நாடு என்று சொல்வது தவறு. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் பெய்கிறது. லண்டன் மாநகரத்துக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு. அங்கே அது ஆண்டு முழுவதும் தூறுகிறது; இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. பிறகு மாசி தொடங்கி வெயில். ஆகவே இந்த நாட்டின் முதல் வேலை மழையை நிறுத்தி வைப்பது. சரிவு இருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து கீழ்க் கண்மாய்க்கு, அது நிறைந்தால் அடுத்ததற்கு. கண்மாய் விவசாயத்துக்கு, ஊருணி குடிப்பதற்கு. ஊருணியில் குளிக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுதப்படாத சட்டமாக நின்றது. இந்நாட்டு வணிகர்களான நகரத்தாரின் வீடுகள் வந்த பிறகு கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, தெரு வழியே ஊருணிக்குப் போகும்படி தெருவே அமைக்கப்பட்டது. பனோப்பியசில் தொட்டி இல்லையே என்று குறைப்பட்ட பௌசானியாஸ் நம் ஊர்களைப் பார்த்திருந்தால், அரண்மனையை விட்டுவிட்டு ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பெழுதியிருப்பார்.

நிலத்துக்கடியில் இன்னொரு செய்தி இருக்கிறது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று மேற்கே போகப்போகப் பழமையான கடும்பாறை. கிழக்கே மணற்கல்லும் களியும், அவற்றின் மேல் செம்புறாங்கல். கடும்பாறைப் பகுதியில் வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர். மணற்கல் பகுதியில் ஆழத்தில் தண்ணீர் தேங்கி, சில இடங்களில் துளையிட்டால் தானே பொங்கி வரும். சம்பை ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த காரைக்குடிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவு கோயில்களிலும் தெரிகிறது. மேற்கே பாறையைக் குடைந்தார்கள். கிழக்கே செம்புறாங்கல்லை அறுத்து அடுக்கினார்கள். குடைவரைகள் எல்லாம் ஏன் மேற்குப் பக்கமே இருக்கின்றன என்று கேட்பவர்கள் அரசர்களின் மனத்தில் காரணம் தேட வேண்டாம். தரையைப் பார்த்தால் போதும்.

பிள்ளையார்பட்டியில் அந்தப் பாறை கோயிலாகியிருக்கிறது. இரண்டே கைகளோடு வடக்கு நோக்கி அமர்ந்த பிள்ளையாரை வணங்க ஆண்டுக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். குடைவரைக்குள் ஒரு சிறிய கல்வெட்டு இருக்கிறது. எக்காட்டூர் என்ற ஊரோடு சேர்த்து ஒரு பெருந்தச்சனைக் குறிக்கிறது. எழுத்தமைதியை வைத்து அதை 6ஆம் நூற்றாண்டையொட்டியது என்று பலர் கருதுகிறார்கள். குடைவரை முழுவதும் ஒரே காலத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனக்குப் பிடித்தது அந்தக் கல்வெட்டில் அரசன் பெயர் தலைப்பில் இல்லை என்பது. குன்றக்குடியில் மலையடிவாரத்தில் பாண்டியர் குடைவரைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் பல நூற்றாண்டு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்தும் அதே ஊரில் உண்டு. சிவகங்கையை அடுத்த திருமலையில் பாறை ஓவியம், சமணர் படுக்கை, தமிழ்ப் பிராமி, பாண்டியர் குடைவரை எல்லாம் ஒரே குன்றில்.

இனி நான் சற்று நின்று பேச விரும்பும் இடம் பூலாங்குறிச்சி.

திருப்பத்தூரிலிருந்து பொன்னமராவதி போகும் பக்கம் இருக்கிறது. 1979இல் அங்குள்ள பாறையில் பெரிய கல்வெட்டுகள் இருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. தமிழ்ப் பிராமி முடிந்து வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பலர் கருத்து. சேந்தன் கூற்றன் என்ற அரசன். ஆண்டு 192 என்ற குறிப்பு. ஓர் அரசன் 192 ஆண்டு ஆண்டிருக்க முடியாது என்பதால் அது ஏதோ ஒரு தொடர் ஆண்டுக்கணக்கு. எந்தக் கணக்கு என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. படைத்தலைவன் எங்குமான் என்பவன் எழுப்பிய கோயில்களைக் கல்வெட்டு குறிக்கிறது. ஒல்லையூர்க் கூற்றத்தில் ஒரு மலைமேல், முத்தூற்றுக் கூற்றத்தில், மதுரையில் என்று மூன்று இடங்கள். கோயிலை யார் காக்க வேண்டும், நிலத்தின்மேல் யாருக்கு என்ன உரிமை என்ற நிர்வாகச் செய்திகளும் வருகின்றன.

அந்த 5ஆம் நூற்றாண்டை உள்ளடக்கிய களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த இருட்டில் எழுதப்பட்ட ஆவணம் ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கிடக்கிறது. ஆட்சிப் பிரிவுகள், படைத்தலைவன், கோயில் நிர்வாகம், நில உரிமை எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்த காலம் அது. இருட்டு நம் பாடப்புத்தகத்தில்தான் இருந்தது. அந்தக் கல்வெட்டில் வரும் ஒல்லையூரும் புதியதல்ல. பொன்னமராவதிக்கு அருகேயுள்ள ஒலியமங்கலம்தான் அது என்பார்கள். சங்கப் பாடல்களில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்று ஓர் அரசனுக்குப் பெயர் இருக்கிறது. எல்லையோர ஊரை வென்றதையே பட்டமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். வெள்ளாற்றுப் பக்கம் பாண்டிநாட்டுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தெற்கே காளையார்கோயில். சங்க காலத்தில் கானப்பேர். வேங்கைமார்பன் என்ற குறுநிலத் தலைவனின் கோட்டை. உக்கிரப்பெருவழுதி அதைக் கைப்பற்றியதைப் புறநானூற்றின் 21ஆம் பாட்டு பாடுகிறது. ஆழமான அகழி, உயர்ந்த மதில், சுற்றிலும் வெயில் நுழையாத காவற்காடு. புலவர் மிகைப்படுத்தினார் என்று நினைப்பவர்கள் 1801ஆம் ஆண்டுக்கு வர வேண்டும். அந்த ஆண்டு லெப்டினன்ட் கர்னல் ஆக்னியூவின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்றது. பீரங்கி இருந்தது, கோடாரி இருந்தது, ஆள் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் போராடிவிட்டு அந்த வழியைக் கைவிட்டார்கள். வேறு பக்கமாகச் சுற்றி அக்டோபர் 1 அன்றுதான் ஊரைப் பிடித்தார்கள். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில், கும்பினியை எதிர்த்து நின்ற மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் கதையின் துயரத்தை நாம் நன்றாகவே சொல்கிறோம். அதில் காடு என்ன செய்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். சங்க காலத்தில் பாண்டியனுக்கு இடைஞ்சலாக இருந்த அதே நிலம்தான் கும்பினிக்கும் இடைஞ்சலாக இருந்தது. இன்று சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குப் போகும் வழியில் கருவேல முள்தான் கண்ணில் படுகிறது. அந்தக் காவற்காட்டைக் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும்.

காடும் கண்மாயும் மட்டும் இருந்தால் இது உள்ளடங்கிய நாடாக இருந்திருக்கும். அப்படி இருக்கவில்லை. பௌசானியாஸ் வாழ்ந்த அதே 2ஆம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி என்ற இன்னொரு கிரேக்கர் தம் நிலநூலில் மதுரையைப் பாண்டியரின் தலைநகர் என்று குறித்து வைத்தார். வைகை கடலில் கலக்கும் பக்கத்தில் அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் மதுச்சாடித் துண்டுகளும் கப்பல் வரைந்த பானையோடும் அகழாய்வில் கிடைத்தன. வடக்கே புதுக்கோட்டை கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு விளக்கங்கள் பல. மீண்டும் புழக்கத்துக்கு விடாமல் தங்கமாகவே கணக்கிட வெட்டியிருக்கலாம் என்பது எனக்கு ஏற்புடையது. வட்டிக்கடையில் வளர்ந்த நமக்கு அந்த மனநிலை புரியாமலா போகும்?

கீழடியைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. இங்குள்ள மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 2014–15இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கி, பிறகு மாநிலத் துறை தொடர்ந்து, 2019 அறிக்கையில் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு வந்தது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, பெயர் பொறித்த பானையோடு. அதுவும் சிவகங்கை மாவட்டம்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பொருளை நூறாண்டு வீட்டின் முற்றத்தில் வைத்திருக்கிறோம்; பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

வணிகம் என்றால் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிய காலத்திலிருந்து கணக்கெடுப்பது நம் வழக்கம். பிரான்மலைக்குப் போனால் அந்தக் கணக்கு மாறும். பாரியின் பறம்புமலை அது என்பதும், சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் அது என்பதும் அனைவருக்கும் தெரியும். அங்குள்ள ஒரு கல்வெட்டு அவ்வளவாகத் தெரியாது. 13ஆம் நூற்றாண்டை ஒட்டியது. ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவினர் அங்கே கூடி, அந்த வழியாகப் போகும் சரக்குகளுக்குப் பொதிக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். சரக்குப் பட்டியலைக் கேளுங்கள்: உப்பு, நெல், அரிசி, பயறு, ஆமணக்கு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், துணி, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கற்பூரம், சவரி மயிர், குதிரை, யானை. உப்பும் வெங்காயமும் உள்ளூர்ச் சந்தைச் சரக்கு. கற்பூரமும் அகிலும் கீழைக்கடல் தாண்டியவை. சவரி மயிர் இமயமலைப் பக்கத்துக் கவரி எருமையின் வால்மயிர். குதிரை மேற்குக் கடல் வழியாக வந்தது. கடலே தெரியாத ஒரு மலையடிவாரத்தில் ஆசியாவின் சந்தை முழுவதும் ஒரு கல்லில் வரிசையாக நிற்கிறது. கொச்சிப் பக்கத்துக்கும் சோழமண்டலக் கரைக்கும் நடுவே, மாட்டுப்பொதி நடந்து போகும் நாடாக இது இருந்திருக்கிறது. நகரத்தாரின் வணிகத் திறமை வானத்திலிருந்து விழவில்லை. அவர்கள் குடியேறி வளர்ந்த நாடு முன்பே வழிகள் கூடிய நாடு.

இந்த இடத்தில் நகரத்தார் வரலாற்று மரபைப் பற்றி நேராகப் பேச வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய மன்னனின் அழைப்பில் வந்தார்கள் என்றும், 707இல் இளையாத்தங்குடியைப் பெற்றார்கள் என்றும், அடுத்த சில ஆண்டுகளில் மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று இளையாத்தங்குடியோடு சேர்த்து ஒன்பது நகரக் கோயில்களாகப் பிரிந்தார்கள் என்றும் மரபு சொல்கிறது. அந்த ஆண்டுகளைக் கல்வெட்டுச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்காக அதைத் தள்ளிவிடவும் மாட்டேன். யார் யாரோடு பெண் கொடுத்து எடுக்கலாம், யார் எந்தக் கோயிலில் மாலை வாங்க வேண்டும் என்பதை இன்றுவரை முடிவு செய்கிற மரபு அது. பனோப்பியஸ் ஊரார் காட்டிய களிமண் கல்லை ஒதுக்காமல் எழுதி வைத்தவரின் நிதானம் நமக்கும் வேண்டும். மரபை மரபாக எழுதுவோம், கல்வெட்டைக் கல்வெட்டாக எழுதுவோம், இரண்டையும் ஒரே பக்கத்தில் குழப்பாமல் வைப்போம்.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நகரத்தார் திருப்பணி இல்லையென்றால் தமிழ்நாட்டில் பல கோயில்கள் இடிந்து போயிருக்கும். அதே திருப்பணியில் பழைய கட்டடத்தைப் பிரித்துப் புதிய கல்லில் எழுப்பியபோது எழுத்துள்ள கற்கள் தலைகீழாகவும் துண்டாகவும் சுவரில் போயின. சில தரைக்கல்லாகிக் காலடியில் தேய்ந்தன. அந்தக் காலத்தில் அதன் மதிப்புத் தெரியாமல் செய்தார்கள். இன்று மணல் வீச்சு இயந்திரத்தை வைத்துக் கல்லைப் பளபளப்பாக்குகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஓர் எழுத்து அரை விரல் ஆழம்கூட இருக்காது. மணல் அதைச் சில நிமிடங்களில் வழித்துவிடும்.

கோயிலுக்காவது பார்க்க ஆள் உண்டு. கண்மாய்க்கு இல்லை. நம் வட்டாரத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் கண்மாயின் உள்ளே நிற்கும் மடையான குமிழித் தூம்பின் கல்லில், அதை நட்டவர் பெயர் வெட்டியிருப்பதைக் காணலாம். அரசர்களும் உண்டு; ஊர்க்காரர்களும் உண்டு. ஒரு கண்மாய்க்கு மடை வைத்தவன் தன் பெயரை எழுதி வைத்தது ஆயிரம் ஆண்டு தண்ணீருக்குள் நின்று தாங்கியிருக்கிறது. கண்மாயைத் தூர்வார வருகிற மண்வெட்டி இயந்திரம் அதை ஒரு தட்டில் சாய்த்துவிட்டுப் போகிறது. ஓட்டுநர்மேல் தவறில்லை; அது கல்வெட்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று காகிதமாகக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு, 1994 முதல் அது சென்னையில் ஆய்வு நூலகமாக இயங்குகிறது. தமிழியல் படிப்பவர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். ஒரே மனிதர், ஒரே ஊர். காகிதத்துக்கு அவர் செய்ததைக் கல்லுக்கும் கரைக்கும் செய்ய செட்டிநாட்டின் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஊருக்கு இருவர் போதும்.

ஆகவே இந்த அவையிடம் நான் கேட்பவை சில. இங்குள்ள கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊர்க் கண்மாய், ஊருணி, மடை, கலுங்கு, குமிழித் தூம்பு, வரத்துக்கால் ஆகியவற்றின் பெயரையும் இடத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும். எழுத்துள்ள கல் தெரிந்தால் தொட்டுச் சுரண்டாமல், சுண்ணாம்போ மாவோ பூசாமல், சாய்ந்த வெயிலில் படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் தேதியையும் குறித்துத் தொல்லியல் துறைக்கு அனுப்பட்டும். ஊராட்சியில் இருப்பவர்கள் தூர்வாரும் இயந்திரம் இறங்கும் முன் அந்த நோட்டை ஒருமுறை பார்க்கட்டும். திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியவர்களே, அடுத்த திருப்பணி எந்த ஊரில் என்பது உங்களில் பலருக்கு இப்போதே தெரியும். கல்லை இறக்குவதற்கு முன் படியெடுப்பவரை அழையுங்கள்; மணல் வீச்சுக்கு ஒப்பம் கேட்டு யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள்.